கோடிட்ட இடத்தின் கதை

"கோடிட்ட இடத்தை நிரப்புக" என்பதைப் பார்க்காமல் நம்மில் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்திருக்க மாட்டோம். பழைய பரீட்சைக் கோடுதான். ஆனால் 1953-ல் அமெரிக்காவில் அது இரண்டு புதுப் பிறவி எடுத்தது.

ஒன்று, வில்சன் டெய்லர் என்ற ஆய்வாளர் கொண்டுவந்த 'குளோஸ்' முறை. ஒரு பத்தியில் சீரான இடைவெளியில் சொற்களை எடுத்துவிட்டு, வாசிப்பவர் எத்தனை சொற்களைச் சரியாக ஊகிக்கிறார் என்று பார்ப்பார்கள். பத்தி எவ்வளவு எளிது என்பது தெரிந்துவிடும். பிறகு இதுவே மொழித் தேர்வாகவும் ஆனது.

மற்றது விளையாட்டு. லெனார்ட் ஸ்டெர்ன் தொலைக்காட்சி நகைச்சுவை எழுதுபவர். ஒரு பாத்திரத்தின் மூக்கை வர்ணிக்க அடைமொழி தேடிக்கொண்டிருந்தார். அங்கு வந்த நண்பர் ரோஜர் பிரைஸ், எதற்கென்று கேட்காமலே ஏதோ இரண்டு அடைமொழிகளைச் சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பு 1958-ல் 'மேட் லிப்ஸ்' என்ற புத்தகமானது. கதையைக் காட்டாமல் "ஒரு பெயர்ச்சொல் சொல்லு, ஒரு வினைச்சொல் சொல்லு" என்று கேட்டு வாங்கிக் கோட்டில் எழுதி, பிறகு படித்துக் காட்டுவதுதான் ஆட்டம்.

தமிழாசிரியராக இருந்தபோது இதை ஆறாம் வகுப்பில் செய்து பார்த்தேன். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லைப் பெரும்பாலும் அப்படியே கோட்டில் வைத்துவிடலாம். தமிழ் அப்படி விடாது. "தாத்தா ____ சாப்பிட்டார்" என்ற இடத்துக்கு ஒரு பையன் 'செருப்பு' என்றான். வகுப்பே "செருப்பைச் சாப்பிட்டார்" என்று திருத்திப் படித்தது. 'ஐ' உருபும் வந்தது, 'ச்' என்ற ஒற்றும் வந்தது. தாத்தா இருந்த இடத்தில் 'யானை' விழுந்தபோது, "சாப்பிட்டது சார், சாப்பிட்டது!" என்று கூச்சல். திணை, பால் என்று நான் வாயே திறக்கவில்லை.

தொல்காப்பியர் பெயர், வினை, இடை, உரி என்று சொல்லை நான்காக வகுத்தார். வேற்றுமை உருபு இடைச்சொல்லில் சேரும். பெயரைப் பிள்ளை கொடுக்க, இடைச்சொல்லை வகுப்பு கொடுத்தது.

இன்னொன்றும் கண்டேன். பரீட்சைக் கோட்டுக்கு ஒரே விடை. தெரியாத பிள்ளை தலை கவிழ்ந்து உட்காரும். இந்தக் கோட்டுக்குப் பெயர்ச்சொல்லாக இருந்தால் போதும். வருஷம் முழுக்க வாய் திறக்காத ஒரு பெண், அன்று மூன்று சொல் கொடுத்தாள்.

வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளோடு போனில் பேசும்போது "சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா" என்பதோடு நமக்குத் தமிழ் தீர்ந்துவிடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து கோடு போட்ட ஒரு சின்னக் கதையோடு உட்காருங்கள். 'பிட்சா' என்று சொன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள். "பிட்சாவை" என்று சொல்ல வைத்துவிடலாம்.