டயர் மாட்டுவண்டி: அச்சு, ஹப், பிரேக்

டயர் மாட்டுவண்டி என்பது மரச்சக்கரத்துக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் டயரும், பேரிங் பொருத்திய இரும்பு அச்சும் கொண்ட பாரவண்டி. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கரும்பு, நெல், வைக்கோல், ஆற்று மணல் ஆகியவற்றை ஏற்றிச் செல்ல இது பயன்பட்டது. இதன் சக்கரப் பகுதி மோட்டார் வண்டியிலிருந்து வந்தது. ஹப், ஸ்பிண்டில், பேரிங், டயர் என்று ஒவ்வொன்றாக மாட்டுவண்டிக்கு இடம் மாறின. பிரேக் மட்டும் வந்து சேரவில்லை.

மரச்சக்கரம்

இப்பகுதியில் சக்கரம் பற்றிய பழைய இலக்கியச் சான்று சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய இந்நூலின் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனது ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய பகுதி. அவன் பாணனுக்குப் பரிசாக அளிக்கும் தேரை வருணிக்கும் இடத்தில் உளியால் செதுக்கிய குறடு, அதைச் சூழ்ந்த ஆரக்கால்கள், இரும்பு விளிம்பு ஆகியவை சொல்லப்படுகின்றன. குறடு என்பது ஆரக்கால்கள் வந்து சேரும் நடுக்கட்டை. பின்னாளில் வண்டித் தச்சர்கள் அதைக் குடம் என்றார்கள். பட்டறைக்காரர்கள் இன்று ஹப் என்கிறார்கள்.

கட்டைவண்டியில் குடத்தின் துளைக்குள் அச்சின் முனை நுழையும். சக்கரம் கழன்றுவிடாமல் வெளிப்புறத்தில் கடையாணி இருக்கும். வைக்கோலைக் கரித்து எண்ணெயில் குழைத்த வண்டிமைதான் மசகு. குடம் தேய்ந்தால் ஆட்டம் கூடும், சக்கரம் கோணும். அப்போது ஊர்த் தச்சரும் கொல்லரும் அந்த அச்சுக்கு ஏற்பத் துளையைச் சரிசெய்வார்கள். இங்கே ஒரு வண்டியின் சக்கரம் இன்னொரு வண்டிக்குப் பொருந்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பே கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் தன் அச்சோடு சேர்ந்து பிறந்தது.

டயரின் வருகை

ஜான் பாய்டு டன்லப் 1888-ல் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். அமெரிக்காவின் ஹென்றி டிம்கன் 1898-ல் கூம்பு உருளை பேரிங்குக்கு உரிமம் பெற்றார். மாட்டுவண்டியை மாற்றியவை இவ்விரண்டும். டன்லப் நிறுவனம் 1930களில் இந்தியாவில் மாட்டுவண்டிக்கென்றே டயர், சக்கரம், அச்சு சேர்ந்த தொகுதியை விற்கத் தொடங்கியது. வட இந்தியாவின் சில பகுதிகளில் அந்த வண்டிக்கே ‘டன்லப்’ என்று பெயர் விழுந்தது. தமிழ்நாட்டில் டயர் வண்டி என்ற பெயரே நிலைத்தது.

புதுத் தொகுதி வாங்க எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டெல்கோ 1954 முதல் மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகளைத் தயாரித்தது. இந்த வண்டிகள் பழசாகி உடைப்புக்கு வந்தபோது அச்சும் ஹப்பும் பழைய இரும்பின் விலைக்குக் கிடைத்தன. அவற்றை எடுத்து மாட்டுவண்டிக்குப் பொருத்துவது பட்டறைத் தொழிலாயிற்று.

பொருத்தம் பார்த்தல்

பழைய பாகங்களைச் சேர்ப்பதில் முதல் சிக்கல் பேரிங். ஒரு ஹப்பில் இரண்டு பேரிங் உண்டு. உள்பக்கத்தில் பெரியது, வெளிப்பக்கத்தில் சிறியது. பேரிங்கின் வெளிவளையமான கப் ஹப்புக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். உள்வளையமான கோன் ஸ்பிண்டிலின் மேல் சரியாக ஏற வேண்டும். ஹப் ஒரு வண்டியிலிருந்தும் ஸ்பிண்டில் இன்னொன்றிலிருந்தும் வந்திருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் அமைவது அரிது. அப்போது ஸ்பிண்டிலை லேத்தில் கடைந்து சிறிதாக்குவார்கள், அல்லது புஷ் அடித்துப் பெரிதாக்குவார்கள். அளவுக்கு மேல் கடைந்தால், அதிலும் மூலையில் கூரான வெட்டு விழுந்தால், பாரம் ஏறும்போது ஸ்பிண்டில் அந்த இடத்தில்தான் முறியும்.

நட்டை இறுக்குவதிலும் கணக்கு உண்டு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கிவிட்டுச் சிறிது தளர்த்தி, காட்டர் பின் போட வேண்டும். இறுக்கம் கூடினால் பேரிங் சூடாகி எரியும். தளர்ந்தால் சக்கரம் ஆடி, கப் ஹப்புக்குள்ளேயே சுழன்று துளையைத் தின்றுவிடும். இந்தக் காட்டர் பின் செய்வது பழைய கடையாணியின் வேலையைத்தான்.

இதே வேலையை உலகின் வேறொரு மூலையில் பொழுதுபோக்காகச் செய்தார்கள். அமெரிக்காவில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், பழைய ஃபோர்டு கார்களின் உடலை இறக்கி, இயந்திரத்தை மாற்றி வேகவண்டியாக்குவது ஹாட் ராட் எனப்பட்டது. 1932-ம் ஆண்டு ஃபோர்டில் கம்பிகளால் இயங்கும் பிரேக்தான் இருந்தது. ஃபோர்டு தன் கார்களில் திரவ பிரேக்கைக் கொண்டுவந்தது 1939-ல். எனவே பழைய காரின் அச்சில் பிந்தைய காரின் டிரம்மையும் ஹப்பையும் ஏற்றினார்கள். அங்கும் அளவுச் சிக்கல் இருந்தது. 1936 முதல் 1939 வரை ஃபோர்டு சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகள் 10¼ அங்குல வட்டத்தில் அமைந்தன. 1940 முதல் அது 5½ அங்குலம். ஒன்றின் சக்கரம் மற்றதில் ஏறாது. ஆனால் அவர்கள் மாற்றத் தொடங்கியதற்குப் பிரேக்கும் ஒரு காரணம். ஓடும் வேகத்தைக் கூட்டியவர்கள் நிறுத்தும் வழியையும் தேட வேண்டியிருந்தது.

பிரேக் ஏன் வரவில்லை

லாரியின் ஹப்போடு பிரேக் டிரம்மும் பிணைந்தே இருக்கும். அப்படியே பொருத்தினால் மாட்டுவண்டியிலும் டிரம் சுழலும். சுழலும் டிரம் மட்டும் பிரேக் ஆகாது. உள்ளே இரண்டு ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்த வேண்டும். அந்த ஷூக்களைத் தாங்கும் பின்தட்டு, சுழலாத அச்சோடு போல்ட் போட்டுக் கட்டப்பட்டிருக்க வேண்டும். லாரியின் ஸ்டப் ஆக்சிலில் இதற்கென விளிம்பு உண்டு. சதுர இரும்புக் கம்பியில் முனையை மட்டும் கடைந்து செய்த வண்டி அச்சில் அது கிடையாது. பற்றவைத்துச் சேர்க்கலாம். ஆனால் ஸ்பிண்டிலின் நடுமையத்திலிருந்து சற்று விலகினாலும் ஷூ ஒரு பக்கம் மட்டுமே உரசும்.

மேலும் இரண்டு சக்கரங்களும் ஒரே அளவில் பிடிக்க வேண்டும். ஒன்று முந்திப் பிடித்தால் ஏர்க்கால் பக்கவாட்டில் அடிக்கும். அந்த அடி நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்துக்கே போகும். சென்னைக்கு அருகே பாடியில் வீல்ஸ் இந்தியாவும் பிரேக்ஸ் இந்தியாவும் 1960களின் தொடக்கத்திலிருந்து மோட்டார் வண்டிகளுக்கான சக்கரங்களையும் பிரேக்குகளையும் செய்துவருகின்றன. அங்கிருந்து திண்டிவனம் அதிக தூரமில்லை. என்றாலும் வண்டிக்காரருக்கு அந்தச் செலவை ஏற்க அன்றாட வருமானத்தில் காரணம் தெரியவில்லை. சமவெளிச் சாலை, மெதுவான வண்டி. சில வண்டிகளில் மரக்கட்டையை டயரோடு அழுத்தும் கயிற்று பிரேக் இருந்தது. மற்றவற்றில் மாடுதான் பிரேக்.

மாட்டின் கழுத்து

கட்டைவண்டியின் குடத்தில் இருந்த உராய்வு வண்டி இழுப்பவருக்குத் தொல்லை. ஆனால் சரிவில் அதுவே கொஞ்சம் பிரேக். உருளை பேரிங் அதை எடுத்துவிட்டது. 20 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் 2 டன் எடை சுமார் 100 கிலோ விசையோடு முன்னே தள்ளும். டயரின் உராய்வு அதில் ஒரு பங்கைத்தான் கழிக்கும். மீதியை மாடுகள் பூட்டாங்கயிற்றிலும் கழுத்திலும் தாங்கிப் பின்வாங்கி நிற்க வேண்டும். தார்ச்சாலையில் லாடம் வழுக்கும்.

சட்டமும் பாரத்தைக் கூட்டவே வழிசெய்தது. 1965-ம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் இரு சக்கர வண்டியில் ஒரு பெரிய மாட்டுக்கான அதிகபட்ச பாரத்தை மூன்று படிகளில் வகுத்தன. காற்று டயர் இல்லாவிட்டால் 900 கிலோ, டயர் இருந்தால் 1350 கிலோ, பேரிங் இருந்தால் 1800 கிலோ. அதாவது பேரிங் வந்ததும் பாரம் இரட்டிப்பாகலாம். இழுக்கும் கணக்கில் இது நியாயம். நிறுத்தும் கணக்கு வேறு.

பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி 1970களில் மாட்டுவண்டியின் சீர்திருத்தத்தைத் தேசியப் பிரச்சினையாக முன்வைத்தார். நல்ல நுகத்தடி, பேரிங், குறைந்த எடை, பிரேக் ஆகியவை மாட்டின் துன்பத்தைக் குறைக்கும் என்று தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார். வண்டியின் சக்கரம் மட்டும் மாறி, கழுத்தில் கிடக்கும் மரம் அப்படியே இருப்பது அரைச் சீர்திருத்தம் என்பதை அவருடைய பணி நன்றாகவே காட்டுகிறது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை உள்ளது. கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலைக்குச் செல்லும் டயர் வண்டிகள் இச்சாலையின் வழக்கமான காட்சியாக இருந்தன. தென்பெண்ணை மணலுக்குப் போன வண்டிகளுக்குப் பிரேக் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஆற்றுக்குள் இறங்கும்போது வண்டி காலி, பாரத்தோடு ஏற்றம்தான். கரும்பு வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. திருச்சி நெடுஞ்சாலை நான்கு வழியாகி மேம்பாலங்கள் எழுந்தபின் சமவெளியிலும் சரிவுகள் வந்துவிட்டன.

இன்று கரும்பு பெரும்பாலும் டிராக்டர் டிரெய்லரிலும் லாரியிலும் போகிறது. டிரெய்லரின் அடியிலும் அதே வகை அச்சு, இரண்டு பேரிங் கொண்ட அதே வகை ஹப். பல டிரெய்லர்களில் இன்னும் தனி பிரேக் இல்லை. முன்னால் போகும் டிராக்டரின் பின்சக்கர பிரேக்தான் பின்னால் வரும் பாரத்தையும் சேர்த்து நிறுத்துகிறது.