திருமயம் கோட்டை: சுரங்கத்தைத் தேடி வருவோருக்கு

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே காரைக்குடி, இராமேசுவரம் செல்லும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் திருமயம் உள்ளது. வெள்ளாற்றைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் சமவெளியின் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்றும், அதன் உச்சியில் வட்டமான கொத்தளமும் தெரியும். இந்திய விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி 1887ஆம் ஆண்டு பிறந்த ஊர் இது. குன்றின் தென்சரிவில் சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்து இரண்டு குடைவரைக் கோயில்கள் உள்ளன. திருமால் கோயில் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. ஊரின் பழைய பெயர் திருமெய்யம். மெய் என்பதே வடமொழியில் சத்தியம் ஆகி, இறைவன் பெயர்கள் சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்தி என வழங்குகின்றன. மெய்யைப் பெயராகக் கொண்ட ஊரைப் பற்றி மெய்யல்லாத செய்திகள் பல உலவுவது ஒரு வேடிக்கை. அவற்றுள் முதன்மையானது சுரங்கப்பாதைக் கதை.

ஒரு நாள் சுற்றுலாவாக வண்டி அமர்த்திக்கொண்டு, வழிகாட்டி ஒருவரையும் அழைத்துக்கொண்டு வருவோர் கோட்டை வாசலில் இறங்கியதும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சுரங்கம் எங்கே இருக்கிறது?" தமிழ்நாட்டில் கோட்டை உள்ள எந்த ஊருக்குப் போனாலும் இக்கேள்விக்கு ஒரு விடை தயாராக இருக்கும். அரண்மனைக்குப் போகிறது என்பார்கள். அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போகிறது என்பார்கள். பாம்பு இருப்பதால் அடைத்துவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். அடைத்த இடத்தைக் காட்டச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

சுரங்கம் தோண்டும் மண்ணும் தோண்டாத பாறையும்

போர்க்காலச் சுரங்கம் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு வியட்நாமில் உள்ள கு சி. இன்று தமிழ்நாட்டிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்குச் சுற்றுலா செல்வோர் பலர், ஒரே நாளில் காலையில் கு சி சுரங்கங்களையும் பிற்பகலில் மேகாங் ஆற்றுப் படுகையையும் பார்த்துத் திரும்புகின்றனர். 1940களில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போரில் தோண்டத் தொடங்கி, 1960களில் அமெரிக்கப் படையை எதிர்த்த காலத்தில் விரிவாக்கப்பட்ட அச்சுரங்கங்களின் மொத்த நீளம் 200 கிலோமீட்டருக்கும் மேல். ஓர் ஆள் குனிந்தோ தவழ்ந்தோ மட்டுமே போகக்கூடிய அந்தப் பாதைகள் எளிய கருவிகளால் தோண்டப்பட்டவை. அது இயன்றதற்கு அங்குள்ள மண்ணே காரணம். களி கலந்த செம்புறை மண் ஈரத்தில் வெட்ட எளிது. காய்ந்தபின் இறுகி நிற்கும்.

திருமயத்தின் நிலை இதற்கு நேர் எதிரானது. குன்று முழுவதும் கடினமான கருங்கல். ஆல்பிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1867இல். அதற்கு முன்பு கருங்கல்லைக் குடையப் பெரும்பாலும் உளியும் சுத்தியும் ஆப்புமே பயன்பட்டன. குன்றின் அடியிலுள்ள குடைவரைகளில் சில முழம் உள்ளே போவதற்கே எவ்வளவு உழைப்பு செலவாகியிருக்கும் என்பதைத் தூண்களின் அருகில் நின்று பார்ப்பவர் உணரலாம். குன்றைவிட்டு இறங்கினாலோ சுற்றிலும் கண்மாய்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும் இத்தகைய நிலத்தில், மைல் கணக்கில் பாதை வெட்டினால் அது நீர்க்கால்வாயாகிவிடும். கோட்டைகளில் சுரங்கம் எனக் காட்டப்படுபவை பலவும் மழைநீர் வடியும் மதகாகவோ, தானியக் குழியாகவோ, ஆள் மட்டும் நுழையும் சிறு திட்டிவாசலாகவோ இருக்கக் காணலாம்.

ஆனால் பாறைக்குள் ஒன்றுமே இல்லை என்று ஏமாற்றத்துடன் திரும்ப வேண்டியதில்லை. குன்றின் மேல் ஏறும் வழியில், பாதித் தொலைவில் ஓர் அறை இருக்கிறது. அது வெடிமருந்துக் கிடங்காகப் பயன்பட்டது. வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூன்றும் கலந்த மருந்துக்கு இரண்டு பகை: ஒன்று ஈரம், மற்றொன்று தீப்பொறி. எதிரியின் குண்டு நேராக விழாத, தரையின் ஈரம் ஏறாத இடம் பாறையின் மறைவே. அதற்கு எதிர்ப்புறத்தில் செங்குத்தான பாறை முகத்தில் சிறியதோர் குடைவரையில் சிவலிங்கம் உள்ளது. இன்று இரும்பு ஏணியில் ஏறித்தான் அதைப் பார்க்க முடியும். மருந்து அறையும் இலிங்கமும் எதிரெதிரே இருப்பதைப் பார்த்துவிட்டு மேலே போகிறவர் கொத்தளத்தின் மேல் பீரங்கி ஒன்றைக் காண்பார். அதைவிடக் கருத்தாகப் பார்க்க வேண்டியது பாறையில் மழைநீர் தேங்கும் சுனை. முற்றுகையில் ஒரு கோட்டையின் ஆயுளை முடிவு செய்வது பீரங்கியைவிடத் தண்ணீரே.

இராமநாதபுரத்துக் கோட்டை, புதுக்கோட்டையின் அடைக்கலம்

இக்கோட்டை இராமநாதபுரம் சேதுபதி மன்னரால் 1687ஆம் ஆண்டு கட்டப்பட்டது. கிழவன் சேதுபதி எனப் புகழ்பெற்ற இரகுநாத சேதுபதி ஆண்ட காலம் அது. அவர் தொண்டைமான் குலத்துக் காதலி நாச்சியாரை மணந்தவர். மைத்துனரான இரகுநாதராயத் தொண்டைமானைப் புதுக்கோட்டைப் பகுதிக்குத் தலைவராக்கியவரும் அவரே. சேதுநாட்டின் வடக்கு எல்லையைக் காக்க எழுந்த கோட்டை இது. வட்ட வட்டமாக ஏழு மதில்கள் இருந்தன என்றும், அவற்றுள் நான்கே எஞ்சியுள்ளன என்றும் கூறுவர். வெளியே அகழி இருந்தது. தெற்கு வாயிலில் அனுமன், சக்தி கணபதி, கருப்பர் ஆகிய காவல் தெய்வங்கள் இன்றும் வழிபடப்படுகின்றனர்.

கிழவன் சேதுபதிக்குப் பிறகு சேதுநாட்டில் எழுந்த வாரிசுப் போரில் திருமயம் தொண்டைமான் கைக்கு மாறியது. வடக்கிலிருந்து வரும் பகையைத் தடுக்கச் சேதுபதி கட்டிய கோட்டை, அந்த வடக்கு நாட்டு அரசரின் சொத்தாயிற்று.

சில ஆண்டுகளிலேயே அதன் பயன் தெரிந்தது. 1733இல் தஞ்சை மராட்டியப் படை ஆனந்தராவ் என்னும் தளபதியின் தலைமையில் புதுக்கோட்டை நாட்டுக்குள் புகுந்தது. நாடு முழுவதும் பறிபோன நிலையில் தொண்டைமானுக்கு மிஞ்சியது திருமயம் கோட்டை ஒன்றுதான். அரியணை ஏறி மூன்றாண்டுகளே ஆகியிருந்த விஜயரகுநாதராயத் தொண்டைமான் இங்கே தங்கி மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கினார். தஞ்சைப் படை கோட்டையைப் பிடிக்காமலேயே திரும்பியது. ஓர் அரசு இந்தப் பாறை ஒன்றில் உயிர் பிழைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது. சுரங்கம் வழியாகத் தப்பியோடிய அரசனின் கதையைவிட, தப்ப வழியின்றி உள்ளே இருந்தே தாக்குப்பிடித்த அரசனின் வரலாறு கேட்கத் தகுந்தது அல்லவா?

தஞ்சைப் படை எங்கிருந்து வந்தது என்பதையும் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் காவிரிப் படுகை. வண்டல் நிலம், ஆற்றுப் பாசனம், நெல். பெரிய படைக்குச் சோறு போடும் வலிமை அந்த நாட்டுக்கு இருந்தது. புதுக்கோட்டைச் சீமையோ கண்மாயையும் மழையையும் நம்பிய மேட்டுநிலம். படுகையின் ஓரத்தில் இருந்த இச்சிறு அரசு, பெரிய அண்டை அரசுகளை அஞ்சியே காலம் கழித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அது ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்ததை இந்த அச்சத்தோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். 1753இல் பிரெஞ்சுக்காரர்கள் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டபோது, ஆங்கிலப் படை உணவுப் பொருள்களுக்குத் தொண்டைமானையே பெரிதும் நம்பியிருந்தது.

ஊமையன் கோட்டை

அந்தச் சாய்வின் விலை 1799இல் தெரிந்தது. பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் வடக்கு நோக்கி வந்த வீரபாண்டிய கட்டபொம்மன், புதுக்கோட்டைச் சீமையில் திருக்களம்பூர் அருகேயுள்ள காட்டில் செப்டம்பர் மாதம் தொண்டைமான் ஆட்களால் பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி குமாரசாமி, ஊமைத்துரை என்று மக்கள் அழைத்தவர், பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரியில் அங்கிருந்து தப்பினார். இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையைச் சில நாள்களில் மீண்டும் எழுப்பிப் போரிட்டார். அதுவும் மே மாதம் வீழ்ந்தபின் மருது சகோதரர்களுடன் சேர்ந்தார். மருதுபாண்டியர் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரிலும், ஊமைத்துரை நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர். அவரோடு போரிட்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தம் நினைவு நூலில் ஊமைத்துரையைப் பற்றி வியப்போடு எழுதியுள்ளார்.

திருமயம் கோட்டைக்கு மக்கள் வழங்கும் பெயர் ஊமையன் கோட்டை. பிடிபட்ட கட்டபொம்மனும் ஊமைத்துரையும் இங்கே வைக்கப்பட்டனர் என்பது செவிவழிச் செய்தி. ஊமைத்துரையே இதைக் கட்டினார் என்று சிலர் சொல்வது தவறு. கோட்டை எழுந்தது அவர் காலத்துக்கு நூறாண்டுக்கு மேல் முந்தியது. ஆனால் தவறு என்று சொல்லிவிட்டு அந்தப் பெயரைத் தள்ளிவிடுவதும் சரியன்று. 1801க்குப் பின் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கவும் கும்பினி அரசு ஆணையிட்டது. பாஞ்சாலங்குறிச்சி தரைமட்டமானது, இன்று அங்கே காண்பது 1974இல் தமிழ்நாடு அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை. திருமயம் தப்பியது. நட்பு அரசின் கோட்டை என்பதால் அதைத் தொட வேண்டிய தேவை கும்பினிக்கு இருக்கவில்லை.

ஆக, எதிர்த்தவரின் கோட்டை மண்ணோடு போயிற்று. ஒத்துழைத்தவரின் கோட்டை நின்றது. நின்ற கோட்டைக்கோ மக்கள் எதிர்த்தவரின் பெயரைச் சூட்டினர். அந்தப் பெயரை எவரும் ஆணையிட்டு வைத்ததாகத் தெரியவில்லை. தொண்டைமானைக் காட்டிக்கொடுத்தவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர், 1733இல் அவருடைய முன்னோர் இதே பாறையில் முற்றுகையில் கிடந்ததை நினைப்பதில்லை. அந்தச் செயலுக்கு நியாயம் கற்பிப்போரோ, கோட்டையின் பெயரிலேயே உள்ள மக்களின் மனக்குறையைக் கேட்பதில்லை. ஒரு வழிகாட்டி இரண்டையும் சொல்வதற்குச் சுரங்கக் கதையைச் சொல்லும் நேரம்கூடத் தேவைப்படாது.

கீழாநிலையிலிருந்து கடைமடை வரை

வெயில் ஏறுவதற்குள் குன்றின் மேல் ஏறி இறங்கிவிடுவது நல்லது. பாறை சுட ஆரம்பித்தால் காலணியோடும் நிற்க முடியாது. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் அவற்றையும் முற்பகலிலேயே பார்த்துவிடலாம். பிற்பகலில் கிழக்கே அறந்தாங்கிப் பக்கம் சென்றால், காலையில் பார்த்ததற்கு விளக்கம் கிடைக்கும்.

அந்தத் திசையில் உள்ள கீழாநிலை பெரிய ஊரன்று. ஆனால் அந்தக் கோட்டைக்காகவும் அதைச் சூழ்ந்த நிலத்துக்காகவும் தஞ்சையும் புதுக்கோட்டையும் பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றன. தொண்டைமான் செய்த உதவிக்காகத் தஞ்சைத் தளபதி மனோஜி அதைத் தருவதாக ஒப்புக்கொண்டார். தஞ்சை அரசர் அதை ஏற்கவில்லை. 1781இல் ஹைதர் அலியின் படையிடமிருந்து தொண்டைமான் அதை மீட்டார். இறுதியில் 1803இல் ஆங்கில அரசு அதைப் புதுக்கோட்டைக்கு உரியது என வழங்கியது. கட்டபொம்மனும் மருதுவும் வீழ்ந்த போர்க் காலத்தில் செய்த உதவிக்குக் கிடைத்த பரிசு இது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு யானை திறையாகத் தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்த யானையை யாரும் கேட்டு வாங்கவில்லை. 1836இல் நிபந்தனையே கைவிடப்பட்டது.

அறந்தாங்கியைத் தாண்டி ஆவுடையார்கோயில் பக்கம் போகப் போக நிலம் தாழ்ந்து, வானம் அகன்று, நெல்வயல்கள் தொடங்குகின்றன. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய், தஞ்சை மாவட்டத்தைக் கடந்து இந்தப் பகுதிக்கு வருகிறது. காவிரிப் படுகையின் கடைமடை இதுவே. ஒரு காலத்தில் படையாக வந்த தஞ்சை, இங்கே தண்ணீராக வருகிறது. அதுவும் எல்லா ஆண்டும் உரிய நாளில் வந்துவிடுவதில்லை. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை அடைந்து, அங்கிருந்து கால்வாய் முழுவதையும் கடந்து, இடையிலுள்ள மதகுகளெல்லாம் எடுத்தது போக மிஞ்சியதுதான் இந்த ஊர்களுக்கு. சாலையோரத்தில் வறண்ட வாய்க்காலைப் பார்த்தபடி நிற்கும் விவசாயியிடம் சுரங்கத்தைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால், நெடுநேரம் பேசுவார்.