அருகே அமர்தல்: செங்கற்பட்டு நாட்டில் மாணவர் துணைப்பணியின் வரலாறு

வகுப்பறைக்கு வெளியே ஒரு மாணவர் புத்தகமும் கையுமாக நிற்கிறார். உள்ளே சென்று அமர அவருக்கு உரிமை உண்டு. பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. எனினும் மணி அடித்து வகுப்புத் தொடங்கிய பின்னரே அவர் உள்ளே நுழைகிறார். வகுப்பு முடிந்ததும் எவருடனும் பேச்சுக் கொடாமல் விரைந்து வீடு திரும்புகிறார். உடன் பயில்வோருடன் பேசினால் ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் சாதி வெளிப்பட்டுவிடும்.

அந்த மாணவர், செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1860-ஐ ஒட்டிப் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ஆவார். பிற்காலத்தில் ‘பறையன்’ என்னும் இதழை 1893-இல் தொடங்கியவரும், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தவரும் அவரே. கோயம்புத்தூரில் தாம் பயின்ற நாட்களைப் பற்றி, 1939-இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார். அங்கு பயின்ற ஏறத்தாழ 400 மாணவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர். அறிவிலோ ஊக்கத்திலோ அவருக்குக் குறைவில்லை. அருகே அமர்ந்து, ‘அஞ்சாதே, நான் இருக்கிறேன்’ என்று சொல்ல ஒருவரும் இல்லாமையே அவருடைய குறை.

கல்லூரி மாணவருக்குத் துணை என்பது யாது? உதவித்தொகையா, விடுதியா, தனிப் பயிற்சியா? இவையெல்லாம் வேண்டுவனவே. எனினும் இவற்றுக்கு அடிப்படையாக ஒன்று உண்டு. செங்கற்பட்டு நாட்டில் திருச்சபை ஆற்றிய கல்விப்பணியின் வரலாற்றை அந்த நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் முயற்சி.

திறந்த கதவு

ஸ்காத்லாந்துத் திருச்சபையின் அருட்பணியாளர் ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னைக்கு வந்து, ஆர்மேனியன் தெருவில் பள்ளியொன்றை நடத்தத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவருக்குச் சோதனை வந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர் சிலர் பள்ளியில் சேர்ந்திருப்பது தெரியவந்தது. அவர்களை விலக்காவிடில் தாங்கள் விலகுவதாக உயர்சாதிப் பெற்றோர் அறிவித்தனர். ஆண்டர்சன் இணங்கவில்லை. பிள்ளைகள் பலர் வெளியேறினர்; பள்ளி மெலிந்தது; ஆயினும் கதவு மூடப்படவில்லை. பின்னர் பள்ளி மீண்டும் தழைத்தது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காஞ்சிபுரம், செங்கற்பட்டு, நெல்லூர் ஆகிய ஊர்களிலும் அதன் கிளைகள் தோன்றின. செங்கற்பட்டில் ஸ்காத்லாந்து மிஷனின் கல்விப்பணிக்கு வித்து இவ்வாறே விழுந்தது.

1841-இல் ஆண்டர்சனின் மாணவர் சிலர் திருமுழுக்குப் பெற்றனர். பெற்றோர் வீடு அவர்களுக்கு அடைபட்டது. அருட்பணியாளரின் இல்லமே அவர்களுக்கு வீடாயிற்று. ஒரே கூரையின் கீழ் உண்டு, உறங்கி, படித்து வளர்ந்தனர். திட்டமிட்டு ஏற்படுத்திய விடுதியன்று அது. நெருக்கடியில் பிறந்த குடும்பம். ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக வாழும் கல்வி நம் பகுதியில் அவ்வாறு முளைத்தது.

இரு திசைகள்

1862-இல் வந்த வில்லியம் மில்லரின் காலத்தில் அப்பள்ளி கல்லூரியாக உயர்ந்தது; பிற சபைகளின் மிஷன்களும் சேர, 1877-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. மாணவர் நலனில் மில்லருக்கிருந்த அக்கறை பெரிது. வெளியூர்களிலிருந்து வந்து தங்க இடமின்றி அலைந்த இளைஞருக்கென அவர் விடுதிகளை அமைத்தார். தம் சொந்தப் பொருளையும் இதற்கெல்லாம் தாராளமாகச் செலவிட்டார். பாடம் நடத்துவதோடு ஆசிரியரின் கடமை முடிவதில்லை என்பது அவருடைய உறுதியான கொள்கை.

ஆயின், அந்த அக்கறையின் பயன் யாரைச் சென்றடைந்தது? நற்செய்தியின் விழுமியங்கள் சமுதாயத்தின் மேல்தட்டில் ஊறி, படிப்படியாகக் கீழே பரவும் என்று மில்லர் நம்பினார். அவருடைய வகுப்பறைகளை நிறைத்தவர் பெரும்பாலும் பிராமணரும் பிற உயர்சாதியினருமே. மேலே ஊற்றிய நீர் கீழே இறங்குமுன் எத்தனை வரப்புகள் அதைத் தடுக்கும் என்பதை அறிய, சென்னையிலிருந்து செங்கற்பட்டு வரை வந்து பார்த்திருந்தால் போதும்.

அதே சபையைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூ செங்கற்பட்டில் கண்டது வேறு. இம்மாவட்டத்தில் மிராசு முறை வேரூன்றியிருந்தது. தாழ்த்தப்பட்டோர் உழுத நிலம் அவர்களுடையதன்று; குடியிருந்த மனையும் பெரும்பாலும் அவர்களுடையதன்று. மிராசுதாரின் மனம் கோணினால் குடிசையை விட்டு இறங்க வேண்டியதுதான். இத்தகைய தகப்பன் தன் மகனை மாட்டை விட்டுப் பள்ளிக்கு அனுப்புவது எவ்வாறு? எழுத்தறிவுக்குத் தடையாக நின்றது எழுத்தின் கடினமன்று, மனையின் உரிமையே. ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பகுதியில் உழைத்த வெஸ்லியன் அருட்பணியாளர் வில்லியம் கௌடியும் இதை அரசுக்கு எடுத்துரைத்தனர். மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-இல் செங்கற்பட்டுப் பறையர் நிலைபற்றி அரசுக்கு அளித்த விரிவான குறிப்பு இவ்வுண்மையை நிலைநாட்டியது. அதனைத் தொடர்ந்து 1892-இல் வெளியான அரசாணையிலிருந்தே பஞ்சமி நிலங்களின் வரலாறு தொடங்குகிறது. 1893-இல் பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணையும் பிறந்தது. சிங்கப்பெருமாள்கோயிலை அடுத்து ஆண்ட்ரூ அமைத்த மெல்ரோசாபுரம் என்னும் குடியேற்றம், நிலமும் வீடும் பள்ளியும் ஒன்றுக்கொன்று இன்றியமையாதவை என்று அவர் கண்டதன் சான்றாகும்.

ஒரே மிஷனின் இரு திசைகள் இவை. சென்னையில் கல்லூரி மாணவர்க்கு விடுதியும் ஆசிரியரின் தோழமையும் இருந்தன. ஆனால் செங்கற்பட்டுச் சேரிப் பிள்ளை அங்கு எட்டவில்லை. செங்கற்பட்டில் அப்பிள்ளைக்கு மனையும் எழுத்தும் கிடைக்கத் தொடங்கின; ஆனால் கல்லூரிக்குச் செல்லும் வழி தெரியவில்லை. இரண்டையும் இணைக்கும் பாலம் இல்லை.

பாலம் கட்டியவர்கள்

அப்பாலத்தைக் கட்டியவருள் முதன்மையானவர் எம்.சி. ராஜா. அன்று செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த பரங்கிமலையில் 1883-இல் பிறந்தவர். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும், பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். ஆசிரியராகப் பணிபுரிந்து பாடநூல்களும் எழுதியவர். மிஷன் கல்வியின் கனி என்று அவரைச் சொல்லலாம். எனினும் அவர் அதன் விளம்பரமாக நின்றுவிடவில்லை. 1920-இல் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்று, தம் மக்களின் கல்விக்காக இடைவிடாது வாதாடினார். அக்காலத்தில் தொழிலாளர் துறையின் பொறுப்பில் ஆதிதிராவிட மாணவர்க்குப் பள்ளிகளும் உதவித்தொகைகளும் விடுதிகளும் ஏற்பட்டன. சைதாப்பேட்டையில் அவர் பெயரால் விளங்கும் கல்லூரி மாணவர் விடுதி இன்றும் அவரை நினைவூட்டுகிறது. அகில இந்திய அளவில், அம்பேத்கரின் முயற்சியால் 1944-இல் உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது.

ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். பாலத்தைக் கட்டியவர்கள் அக்கரையில் நின்ற கொடையாளர் அல்லர். இக்கரையிலிருந்து நீந்திச் சென்றவர்கள். நீந்தும்போது எங்கே சுழல் இருக்கிறது என்பதை அவர்கள் தம் உடலால் அறிந்திருந்தனர். துணைப்பணித் திட்டங்களை வகுக்கும் எவரும் அவர்களிடமிருந்தே பாடம் தொடங்க வேண்டும்.

கல்லூரி மாவட்டத்துக்கு வந்தது

1931-இல், லிண்ட்சே தலைமையில் அமைந்த ஆணைக்குழு இந்தியக் கிறிஸ்தவக் கல்லூரிகளின் நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பெருங்கூட்டமாக மாணவரைச் சேர்த்துத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துவதோடு நின்றுவிடாமல், ஆசிரியர்-மாணவர் உறவை ஆழப்படுத்தவும், சுற்றுப்புற மக்களின் வாழ்வோடு கல்லூரியைப் பிணைக்கவும் அது வற்புறுத்தியது. நெடுநாள் ஆலோசனைக்குப் பின், 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. சேலையூர், புனித தோமா, பேராயர் ஹீபர் என்னும் மூன்று விடுதிகள் அதன் வாழ்வின் நடுவாக அமைந்தன. விடுதிக் காப்பாளர் மாணவரோடு வாழ்ந்தார். ஆசிரியர் இல்லங்கள் அதே வளாகத்தில் எழுந்தன. விடுதி நிர்வாகத்தில் மாணவரே பங்கேற்றனர்.

திருச்சபை வரலாற்றில் தாம்பரம் என்றவுடன் 1938-இன் அனைத்துலக அருட்பணி மாநாட்டையே நாம் நினைக்கிறோம். நற்செய்திக்கும் பிற சமயங்களுக்கும் உள்ள உறவைப்பற்றி அங்கு நிகழ்ந்த விவாதம் புகழ்பெற்றது. ஆனால் அம்மாநாட்டினர் தங்கிய வளாகமே மற்றொரு வினாவை எழுப்பிக்கொண்டிருந்தது. தாம்பரம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதாவது, ஒரு நூற்றாண்டுக்குப் பின் கல்லூரி இம்மாவட்டத்துக்கு வந்துவிட்டது. மாவட்டம் கல்லூரிக்குள் வந்ததா? வேலிக்கு அப்பால் வாழ்ந்த உழவுக் கூலியின் மகனுக்கு அவ்விடுதியில் ஓர் அறை கிடைத்ததா? கிடைத்தவருக்கு மேசையில் யார் அருகே அமர்ந்தனர்? பெருமையோடு வரலாறு எழுதும்போது இவ்வினாக்களைத் தவிர்த்தல் நேர்மையாகாது.

கடற்கரையில் கற்ற பாடம்

விடுதலைக்குப் பின் கல்வியின் பொறுப்பை அரசு பெரிதும் ஏற்றது. 1965-இல் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி எழுந்தது. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் வைத்தியநாத ஸ்தபதியின் பொறுப்பிலும், பின்னர் கணபதி ஸ்தபதியின் பொறுப்பிலும் வளர்ந்து கல்லூரியாயிற்று. சிற்பப் பயிற்சியை உற்றுநோக்கினால் நமக்கு ஒரு பாடம் உண்டு. உளி பிடிப்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட இயலாது. ஆசிரியர் அருகே அமர்ந்து தட்டுகிறார், மாணவர் தட்டுகிறார், பிழையான தட்டைக் காது கேட்டு ஆசிரியர் திருத்துகிறார். கல்லைக் கற்பிக்கும் இம்முறை சொல்லைக் கற்பிப்போருக்கும் பொருந்தும்.

இன்று கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவக் குப்பங்களிலிருந்தும், மதுராந்தகம், செய்யூர்ச் சிற்றூர்களிலிருந்தும், குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைகள் கல்லூரிக்கு வருகின்றனர். தொழிற்கல்வி பயிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 2010 முதல் தமிழக அரசு கட்டணச் சலுகை அளித்து வருகிறது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்கு 2022 முதலும் மாணவர்க்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இவை பெரும் பேறுகள். எனினும் தமிழ்வழி பயின்று வந்த பிள்ளைக்கு ஆங்கிலப் பாடநூலின் முதல் பக்கம் மதிலாக நிற்கும்போது, பணம் அம்மதிலில் ஏணி சாத்தாது. வீட்டில் கேட்கத் தாய் தந்தைக்குத் தெரியாது. வகுப்பில் கேட்க நாணம். சீனிவாசன் சாதி வெளிப்படும் என்று அஞ்சி வெளியே நின்றார்; இப்பிள்ளை அறியாமை வெளிப்படும் என்று அஞ்சி உள்ளேயே மௌனமாக அமர்ந்திருக்கிறது. இரு அச்சங்களும் உடன்பிறப்புகளே. முதல் அச்சமும் இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை.

இரதத்தில் ஏறிய பிலிப்பு

அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில், எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் ஏட்டை வாசித்துக்கொண்டு செல்கிறார். ஏடு கையில் இருக்கிறது, எழுத்தும் தெரிகிறது, பொருள்தான் விளங்கவில்லை. பிலிப்பு ஓடிச்சென்று, வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். வழிகாட்ட ஒருவர் இல்லாமல் எவ்வாறு விளங்கும் என்று அவர் மறுமொழி கூறி, ஏறி அமருமாறு பிலிப்பை வேண்டுகிறார். நற்செய்தி அறிவிப்புக்குச் சான்றாகவே இப்பகுதியை நாம் படித்து வந்திருக்கிறோம். கற்போருக்குத் துணைநிற்றலின் இலக்கணமும் இதில் உண்டு. பிலிப்பு சாலையில் நின்று உரையாற்றவில்லை, ஏறி அமர்ந்தார். தமக்கு விருப்பமான இடத்தில் தொடங்கவில்லை; அவர் வாசித்துக்கொண்டிருந்த இடத்திலேயே தொடங்கினார்.

துணை செய்வது மாணவரைச் சோம்பேறியாக்கும் என்போர் உண்டு. அவர்கள் அப்பகுதியை இறுதிவரை வாசித்தல் நலம். பணி முடிந்ததும் பிலிப்பு காணப்படவில்லை. மந்திரியோ மகிழ்ச்சியோடு தம் வழியே சென்றார். மெய்யான துணை, தன்னை இன்றியமையாததாக ஆக்கிக்கொள்வதில்லை.

நம் சேகரங்கள் பலவற்றில் ஆலயத்தை ஒட்டிய கூடங்கள் வாரநாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. விளக்கும் மின்விசிறியும் அங்கே உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சபையில் உண்டு. மாலையில் அக்கதவைத் திறந்து, எந்தச் சமயத்துப் பிள்ளையாயினும், எந்தத் தெருப் பிள்ளையாயினும், அருகே அமர்ந்து ஒரு பக்கத்தை விளக்கப் பெருநிதி வேண்டியதில்லை. 1838-இல் நம் முன்னோர் கதவை மூட மறுத்தனர். அது நம் பெருமை. ஆனால் திறந்த கதவுக்கு வெளியே, புத்தகமும் கையுமாக ஒரு மாணவர் இன்னும் நிற்கிறார். மணி அடிக்குமுன் எழுந்து சென்று அவரை அழைத்து வருதல் நம் கடன்.