1909: மணவாளக்குறிச்சி மணலும் மான்செஸ்டர் இருட்டறையும்

நாஞ்சில் மண் – வரலாற்றுத் தொடர்

தென் திருவிதாங்கூரின் தேங்காய்நார்க் கயிறு கப்பலேறிப் போன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கயிற்றில் ஒட்டிக்கொண்டு, யாரும் விலை பேசாத இன்னொரு சரக்கும் ஐரோப்பாவுக்குப் போனது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் அதைக் கண்டுகொண்டார். கயிற்றுப் பிரிகளுக்கு இடையே மஞ்சளும் பழுப்புமாக மின்னிய மணிகள் மோனசைட் என்று அவருக்குப் புரிந்தது. கயிறு வந்த வழியே தேடிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த இடம், மணவாளக்குறிச்சி.

அன்றைய ஐரோப்பாவுக்கு மோனசைட் என்றால் வெளிச்சம். அதிலிருந்து எடுக்கும் தோரியத்தைக் கொண்டுதான் வாயு விளக்குகளின் வலைத்திரியைச் செய்தார்கள். நம் கோயில் கொடைகளிலும் கல்யாண வீடுகளிலும் நெடுங்காலம் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் திரியும் இதே வகைதான். அதுவரை பிரேசில் கடற்கரை மணல்தான் சந்தையை ஆண்டது. ஆனால் நம் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 9 சதவீதம். பிரேசில் மணலைவிட வளமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளை மழை கரைக்க, வள்ளியாறு போன்ற ஆறுகள் அந்தத் துகள்களைக் கடலில் சேர்க்க, கடல் அவற்றை அரித்துப் பிரித்து, கனமான மணிகளை மட்டும் கரையில் ஒதுக்கிய பல்லாயிரம் ஆண்டு வேலை அது.

தோரியத்தை விளக்குக்காரர்கள் மட்டும் தேடவில்லை, இயற்பியலர்களும் தேடினார்கள். அந்தக் கதை நம் மணலுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

ஒரு நிமிடத்தில் பாதி

தோரியம் கதிர் வீசுகிறது என்பதை 1898-ல் கெர்ஹார்ட் ஷ்மித்தும் மேரி கியூரியும் தனித்தனியே கண்டறிந்தார்கள். அடுத்த ஆண்டு கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓவன்ஸ் என்பவர் தோரியம் ஆக்சைடின் கதிரை அளந்துகொண்டிருந்தார். அளவு நிலையாக நிற்கவில்லை. அறைக்குள் காற்று அசைந்தால் அதுவும் மாறியது. கதிர் காற்றுக்கு அசையாதே? இதே கேள்வியை எடுத்துக்கொண்ட எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு, தோரியத்திலிருந்து ஒரு வாயு கசிகிறது என்றும், அந்த வாயுவும் கதிர் வீசுகிறது என்றும் கண்டார். அதைத் தனியே பிடித்து அளந்தபோது, ஏறத்தாழ ஒவ்வொரு நிமிடமும் அதன் வீரியம் பாதியாகக் குறைந்தது. இன்று தோரான் என்று அழைக்கப்படும் வாயு அது. அதன் அரை ஆயுளுக்கு இன்றைய கணக்கு சுமார் 55 நொடி. மனிதன் முதலில் அளந்த அரை ஆயுள் இதுதான்.

1902-ல் ரூதர்ஃபோர்டும் ஃப்ரெடரிக் சாடியும் தோரியத்தை வைத்தே அடுத்த உண்மைக்கு வந்தார்கள். ஒரு தனிமம் தானாகவே இன்னொரு தனிமமாக மாறுகிறது. தோரியம்-232 ஆறு ஆல்பாத் துகள்களையும் நான்கு பீட்டாத் துகள்களையும் படிப்படியாக உமிழ்ந்து, கடைசியில் காரீயமாகி அடங்குகிறது. முதல் படியின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள். நடுவில் வரும் தோரானுக்கோ ஒரு நிமிடம்கூட இல்லை.

எண்ணத் தொடங்கிய ஆண்டு

ஷோம்பெர்க் மோனசைட்டைக் கண்ட அதே 1909-ல், இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில், ஹான்ஸ் கைகரும் அவருடைய இளம் மாணவர் எர்னஸ்ட் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்திருந்தார்கள். மெல்லிய உலோகத் தகட்டின் மீது ஆல்பாத் துகள்கள் பாயும். துத்தநாக சல்ஃபைடு பூசிய சிறு திரையில் ஒரு துகள் பட்டால் ஒரு புள்ளி மின்னும். கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, நுண்ணோக்கி வழியே அந்த மின்னல்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பிளாட்டினத்தில் மோதிய துகள்களில் ஏறத்தாழ 8,000-க்கு ஒன்று வந்த வழியே திரும்பியது. அந்த எண்ணிக்கையிலிருந்துதான் 1911-ல் ரூதர்ஃபோர்டு, அணுவின் நடுவே மிகச் சிறிய, மிகக் கனமான கரு இருக்கிறது என்று சொன்னார்.

துகள் இயற்பியலின் அடிப்படை முறை அன்று உருவானது. கும்மிருட்டில் ஒரு பனைவிளைக்குள் கல்லெறிவதாக வைத்துக்கொள்வோம். மரம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆயிரம் கல்லில் எத்தனை மரத்தில் பட்டுத் தெறித்தன என்று எண்ணினால், விளையில் எத்தனை மரம் என்பது தெரிந்திருக்கும் பட்சத்தில், ஒரு மரத்தின் தடிமனைச் சொல்லிவிடலாம். அணுக்கரு எதிர்கொள்ளும் துகளுக்கு எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதையும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். அதற்குக் குறுக்குவெட்டுப் பரப்பு என்று பெயர். கண்ணின் வேலையை 1928-க்குப் பிறகு கைகர்–முல்லர் கருவியும், அதற்குப் பின் சோடியம் அயோடைடு, ஜெர்மேனியம் படிகங்களும் எடுத்துக்கொண்டன. முறை மாறவில்லை.

தோரியம் குடும்பத்தின் கடைக்குட்டி

தோரியத்தின் சங்கிலியில் கடைசிக்கு முந்தைய படிகளில் ஒன்று தாலியம்-208. அது சிதையும்போது 2.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிர் வருகிறது. முடுக்கிகள் வளராத அந்தக் காலத்தில் ஆய்வகத்தில் கைக்கு எட்டிய மிக ஆற்றல் வாய்ந்த காமாக் கதிர்களில் அது ஒன்று.

1930-ல் சீன இயற்பியலர் சாவ் சுங்-யாவ் அமெரிக்காவிலும், லிஸே மைட்னரும் ஹுப்ஃபெல்டும் பெர்லினிலும், டாரன்ட் இங்கிலாந்திலும் இந்தக் கதிரைக் காரீயத் தகடுகளில் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார்கள். அன்றைய கோட்பாடான கிளைன்–நிஷினா சூத்திரம் சொன்னதைவிடக் காரீயம் அதிகமாக விழுங்கியது. அந்த உபரிக்கு விடை 1932-ல் கார்ல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்ட பிறகே கிடைத்தது. காமாக் கதிர் கனமான அணுக்கருவின் அருகே மறைந்து, ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானுமாக உருவெடுக்கிறது. 1.02 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் இருந்தால்தான் அது நடக்கும். ஆற்றல் பொருளாக மாறுவதை, என்னவென்று தெரியாமலேயே அவர்கள் அளந்திருந்தார்கள்.

1934-ல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக்கும் மாரிஸ் கோல்ட்ஹேபரும் இதே கதிரால் கனநீரகத்தின் கருவை உடைத்தார்கள். அந்தக் கருவைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றல் சுமார் 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட். வந்தது 2.6. மிச்சத்தைப் புரோட்டானும் நியூட்ரானும் பங்கிட்டுக்கொண்டு பறந்தன. புரோட்டானின் பங்கை அளந்து, நியூட்ரானின் நிறையைக் கணக்கிட்டார்கள். ஹைட்ரஜன் அணுவைவிட நியூட்ரான் சற்றே கனம் என்பது உறுதியானது. தனித்து விடப்பட்ட நியூட்ரான் நிலைக்காது, சிதையும் என்ற முடிவுக்கு அது வழிவிட்டது.

சின்னவிளைக் கரையில்

அந்தக் காமாக் கதிர் மணவாளக்குறிச்சியை ஒட்டிய சின்னவிளை, பெரியவிளை, கடியப்பட்டணம் கரைகளில் இந்த நொடியும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு கிராம் மோனசைட்டில் 8 சதவீதம் தோரியம் என்று எடுத்துக்கொண்டால், அதன் சங்கிலி முழுவதிலும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 3,000 சிதைவுகள் நடக்கும். அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை தாலியத்தின் அந்த 2.6 கதிரைத் தரும். உலகெங்கும் அணு ஆய்வகங்களில் காமாக் கருவிகளைச் சரிபார்க்கப் பயன்படும் அதே கதிர்.

இந்தச் சிதைவுகள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை. எண்ணிக்கை 100 என்றால் அதில் பத்து முன்பின் இருக்கலாம். 10,000 வரை எண்ணினால்தான் பிசகு ஒரு சதவீதத்துக்கு இறங்கும். ஒரு கருவியை மணலில் காட்டிவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று சொல்வது அளவீடு ஆகாது. எந்தக் கருவி, எவ்வளவு நேரம், எந்த உயரம், எவ்வளவு பிசகு என்ற நான்கும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

மனிதர்களைப் பற்றிய அளவீடுகளுக்கும் இது பொருந்தும். கேரளத்தின் மோனசைட் கரையிலுள்ள கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-ல் முடிவை வெளியிட்டது. இயற்கைக் கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஆனால் அது கருநாகப்பள்ளியின் கணக்கு. இயற்கையாகக் கிடக்கும் மணலைப் பற்றிய கணக்கு. நம் கரையின் வீடுகளுக்குள் நிற்கும் தோரானுக்கும், தோண்டும்போது எழும் தூசிக்கும் அதை அப்படியே பெயர்த்துவைக்க முடியாது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துக் கடலோர மக்கள் குரல் எழுப்பியிருக்கிறார்கள். ஒரு தரப்பு பயமே இல்லை என்கிறது. இன்னொரு தரப்பு பயம்தான் எல்லாம் என்கிறது. நடுவே நிற்கும் மீனவக் குடும்பத்துக்குத் தேவை, தன் ஊரில் எடுத்த அளவு. வீட்டுக்குள்ளும் வெளியிலும், தோண்டுவதற்கு முன்பும் பின்பும் எடுத்து, பிசகோடு சேர்த்து, தமிழில் ஊர்ப் பொது இடத்தில் எழுதிவைத்த அளவு. அதற்கான கருவியும் அறிவும் இந்த நாட்டில் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. நாகர்கோவில் கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்கள் பயிற்சியாகவே செய்யக்கூடிய வேலை அது. ஓவன்ஸின் அறையில் காற்று அசைந்ததைப் பிழை என்று ஒதுக்கியிருந்தால் தோரான் கிடைத்திருக்காது. அளவு மாறினால் ஏன் என்று கேட்கும் உரிமை, அந்த மணலின் மேல் வாழ்கிறவர்களுக்கு மற்ற எல்லோரையும்விட அதிகம்.

அடுத்த வாரம்: முதல் உலகப் போரும் ஷோம்பெர்க்கின் கைதும், 1950-ல் இந்திய அரிய மணல் நிறுவனம் பிறந்தது எப்படி?

(தொடரும்)