நெட்டுக்குப்பத்து ரம்மியும் ஸ்கார்பரோ கேசினோவும்

டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் குடியிருக்கும் ஒரு தமிழ் இளைஞர், 19 வயது நிறைந்ததும் தன் போனில் கேசினோ கணக்கு தொடங்கலாம். ஒன்டாரியோ மாகாணச் சட்டம் அதை அனுமதிக்கிறது. வடசென்னையில் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் அதே வயதுப் பையன் காசு கட்டி ஆன்லைன் ரம்மி ஆடினால் சட்டம் என்ன சொல்லும் என்பதோ, கடந்த ஐந்தாறு வருஷமாக திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இருவரும் தமிழர், இருவர் கையிலும் இருப்பது ஒரே மாதிரி போன். முதல்முறை ஆட வருகிறவரை அந்த ஊர்ச் சட்டம் எப்படி நடத்தியது, நம் ஊர்ச் சட்டம் எப்படி நடத்தியது என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாகத் தோன்றிவந்தது. நம் பக்கத்தில் இது குடும்பங்களைத் தின்ற விஷயம்.

கனடாவில் சூதாட்டத்தை நடத்தும் அதிகாரத்தைக் குற்றவியல் சட்டம் மாகாண அரசுகளிடம் கொடுத்திருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவும் கியூபெக்கும் தாங்களே இணையத்தளம் நடத்தின. ஒன்டாரியோ 2022 ஏப்ரல் 4 முதல் தனியாரையும் உள்ளே விட்டது. மாகாணத்தின் மது மற்றும் சூதாட்ட ஆணையத்திடம் பதிவு செய்து, ஐகேமிங் ஒன்டாரியோ என்ற அரசு அமைப்போடு ஒப்பந்தம் போட்ட நிறுவனம் மட்டுமே அங்கே கடை விரிக்கலாம். எவையெல்லாம் பதிவானவை என்ற பட்டியல் பொதுவில் இருக்கிறது. புதிதாக வருகிறவர் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ‘கனடா கேசினோ’ என்று பெயர் போட்டுக்கொண்டு வேறு நாட்டு உரிமத்தில் ஓடும் தளங்கள் ஏராளம்.

தமிழ்நாட்டில் நடந்ததோ நீண்ட இழுபறி. 2020 நவம்பரில் ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்ய அவசரச் சட்டம், 2021 பிப்ரவரியில் சட்டத் திருத்தம், அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன்பின் பணத்தை விட்டவர்களின் சாவுச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. 2022 ஜூனில் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்து, அந்த மாதமே அறிக்கையும் தந்தது. அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய புதிய தடை மசோதாவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சபை மறுபடி நிறைவேற்றிய பிறகு ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், தடைப்பட்டியலில் சேராது என்றது. 1968-இலேயே உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொல்லியிருந்ததுதான் இதற்கெல்லாம் வேர்.

இந்தத் ‘திறமை’ விவகாரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இரண்டு ஊர்ப் புதியவர்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இங்கேதான்.

ஸ்கார்பரோ இளைஞர் பெரும்பாலும் இயந்திரத்தோடு ஆடுகிறார். ஸ்லாட், ரூலெட் எதுவானாலும் கணக்கு முன்கூட்டியே எழுதப்பட்டது. ஐரோப்பிய ரூலெட்டில் 37 குழிகள், ஆனால் பரிசுத் தொகை 36 குழிகள் இருப்பதுபோல் கணக்கிடப்படுகிறது. அந்த ஒரு குழிதான் கடைக்காரனின் வருமானம், நூற்றுக்கு 2.7. ஸ்லாட்டில் ஒன்டாரியோ ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது: ஒரு சுழற்சி குறைந்தது 2.5 வினாடி ஆக வேண்டும், தானாக ஓடவிடும் வசதி கூடாது. அப்படியும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 24 சுழற்சி, மணிக்கு 1,440. ஒரு சுழற்சிக்கு வெறும் 20 சென்ட் என்றால் ஒரு மணி நேரத்தில் 288 டாலர் சுற்றிவிடுகிறது. நூற்றுக்கு 95 திருப்பித் தரும் ஆட்டம் என்று வைத்துக்கொண்டாலும் சராசரியாக 14 டாலர் 40 சென்ட் போகும். 2025 அக்டோபர் முதல் ஒன்டாரியோவில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17 டாலர் 60 சென்ட். சில்லறைக் காசுதானே என்று ஆடுகிறவர் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கூலியைக் கொடுத்துத்தான் அந்த ஒரு மணி நேரத்தைக் கழிக்கிறார். இது ஒன்றும் ரகசியமில்லை. ஆடுகிறவரும் ‘அதிர்ஷ்டம் இருந்தா வரும்’ என்றுதான் உட்காருகிறார்.

நெட்டுக்குப்பத்துப் பையன் இயந்திரத்தோடு ஆடவில்லை, எதிரே ஒரு ஆள் இருக்கிறான். அதனால் நல்லா ஆடினா ஜெயிக்கலாம் என்று நம்புகிறான். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. பதிமூன்று சீட்டு ரம்மியில் கையைப் பார்த்து முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20 பாயிண்ட்டோடு போகும், பிடிவாதமாக உட்கார்ந்து மாட்டினால் 80. இதில் கணக்கு உண்டு, நினைவாற்றல் உண்டு. ஆனால் மேசை இலவசம் இல்லை. பாயிண்ட் ஒரு ரூபாய், இருவர் ஆடும் மேசை, தோற்பவர் சராசரியாக 40 ரூபாய் விடுகிறார், கம்பெனி அதில் பத்து சதவீதம் எடுக்கிறது என்று வைப்போம். ஐம்பது ஆட்டத்தில் 2,000 ரூபாய் கை மாறும், 200 ரூபாய் மேசையோடு போய்விடும். இருவரும் சரிசமமான திறமைக்காரர்கள் என்றால் ஆளுக்கு 25 ஆட்டம் ஜெயித்தும் ஆளுக்கு 100 ரூபாய் நஷ்டம். திறமை எதிராளியை ஜெயிக்க உதவும். கமிஷனை ஜெயிக்க எதிராளியைவிடக் கணிசமாகக் கூடுதல் திறமை வேண்டும். போன வாரம்தான் கணக்குத் தொடங்கிய புதியவனுக்கு அது எங்கிருந்து வரும்? அவன் எதிரே உட்கார்ந்திருப்பவன் எத்தனை வருஷம் ஆடியவன் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. வலைக் கொட்டகையில் துண்டை விரித்து ஆடியபோது எதிரே இருந்தவனைப் பிறந்ததிலிருந்து தெரியும்.

தோற்றால் இயந்திரத்தைத் திட்டிவிட்டு எழலாம். திறமை ஆட்டத்தில் தோற்றவன் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறான். ஒரு சீட்டைத் தப்பாகப் போட்டுவிட்டோம், அடுத்த ஆட்டத்தில் சரிசெய்துவிடலாம் என்கிறான்.

‘எவ்ளோடா போச்சு?’

‘விட்டதைப் புடிச்சிட்டு நிறுத்திடுவேண்ணே.’

இந்தப் பேச்சை வடசென்னையில் கேட்காத குப்பம் இருக்குமா என்று தெரியவில்லை. நீதிமன்றத்தில் நிறுவனங்களுக்குக் கேடயமாக இருந்த ‘திறமை’ என்ற அந்த ஒரு சொல், ஆடுகிறவனுக்குத் தூண்டிலாக இருந்தது.

பணம் வரும் விதமும் இங்கே வேறு. ஸ்கார்பரோவில் கிடங்கிலோ கடையிலோ வேலை பார்ப்பவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வரும். கடலை நம்பியவனுக்கு அப்படி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் மொத்தமாக வங்கிக் கணக்கில் விழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படர்ந்து வலையும் படகும் கருத்தபோது, வாரக்கணக்கில் தொழில் இல்லை. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. சும்மா இருக்கிற பகல், திடீரென்று கணக்கில் விழுந்த தொகை, போனிலேயே பணம் அனுப்பும் வசதி. மீன் விற்ற காசு வாங்கவும் டீசலுக்குக் கொடுக்கவும் பயன்படும் அதே யுபிஐ பின் நம்பர்தான் ரம்மி மேசைக்கும் போதுமாக இருந்தது. பற்றவில்லை என்றால் ஐந்து நிமிஷத்தில் கடன் தரும் செயலி தயாராக நின்றது. உழைக்காமல் சம்பாதிக்கப் பார்த்தார்கள் என்று கரையோரத்து இளைஞர்களை எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. அந்த ஆற்றைக் கெடுத்தது அவர்கள் அல்ல.

வரியிலும் வித்தியாசம் இருந்தது. கனடாவில் பொழுதுபோக்காக ஆடுகிறவரின் பரிசுக்குப் பொதுவாக வருமான வரி கிடையாது. இங்கே 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றியில் 30 சதவீதம் பிடித்தம். அக்டோபர் முதல் கட்டும் தொகை முழுவதன் மீதும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அப்போது 100 ரூபாய் கட்டினால் வரிபோக மிஞ்சியது ஏறக்குறைய 78. பல நிறுவனங்கள் அந்தக் குறையை போனஸ் என்று கொடுத்து மறைத்தன.

போனஸ் என்றதும் விளம்பரத்துக்கு வர வேண்டும். ஒன்டாரியோவில் போனஸ், இலவச ஆட்டம் என்று பொது விளம்பரத்தில் ஆசை காட்டக் கூடாது. தன் தளத்துக்குள்ளே சொல்லலாம், அல்லது ஒப்புக்கொண்ட வாடிக்கையாளருக்கு நேரில் அனுப்பலாம். 2024 பிப்ரவரி 28 முதல் விளையாட்டு வீரர்களையும், சிறுவர்களை ஈர்க்கக்கூடிய பிரபலங்களையும் வைத்து விளம்பரம் செய்வதும் நின்றது. நம்மிடம் கிரிக்கெட் ஒளிபரப்பின் ஒவ்வொரு ஓவர் இடைவெளியிலும் முதல் முறை பணம் கட்டினால் இத்தனை ஆயிரம் என்ற குரல்தான் ஒலித்தது. ஆபத்து இருக்கிறது, பொறுப்போடு ஆடவும் என்ற எச்சரிக்கை, காதில் விழாத வேகத்தில் ஒரு மூச்சில் ஓடியது.

ஒன்டாரியோ விதிகளில் எனக்குப் பிடித்தது வேறொன்று. கணக்கு தொடங்கும்போதே இத்தனைக்கு மேல் கட்டமாட்டேன், இத்தனை நேரத்துக்கு மேல் ஆடமாட்டேன் என்று வரம்பு வைத்துக்கொள்ள வழி தர வேண்டும். அந்த வரம்பைத் தளர்த்தக் கேட்டால் குறைந்தது 24 மணி நேரம் கழித்துத்தான் தளர்த்த வேண்டும். விட்டதைப் பிடிக்கத் துடிக்கும் மனசுக்கு மருந்து அந்த ஒரு நாள் தாமதம்தான். ஆனால் வரம்பை வைப்பதும் வைக்காததும் ஆடுகிறவர் இஷ்டம். முதல் நாளில் யாருக்கு அது தோன்றும்? 2024-25 நிதியாண்டில் ஒன்டாரியோவின் பதிவான தளங்களில் பந்தயமாகச் சுற்றியது 8,270 கோடி டாலர். நிறுவனங்களுக்கு நின்றது ஏறக்குறைய 320 கோடி. அதாவது ஆடியவர்கள் விட்டது. ஒழுங்குபடுத்தினால் தீங்கு போய்விடும் என்கிறவர்கள் அந்தத் தொகையையும் பார்க்க வேண்டும்.

நம் மாநில அரசு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிமுறைகள் இந்த இடத்தில் ஒன்டாரியோவையும் மிஞ்சின என்றே சொல்வேன். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையவே முடியாது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், 18 வயதுக்குக் கீழ் இடமில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கொருமுறை எவ்வளவு நேரம் ஆடியிருக்கிறாய் என்ற எச்சரிக்கை திரையில் வர வேண்டும். நிறுவனங்கள் வழக்குப் போட்டன, ஜூன் 3-ஆம் தேதி உயர் நீதிமன்றம் விதிமுறைகள் செல்லும் என்றது. தூக்கம் கெட்ட நேரத்தில்தான் பெரிய தொகைகள் போகின்றன என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய விதி அது. ஆடுகிறவரின் சுயக்கட்டுப்பாட்டை நம்பி விடாமல் மேசையையே மூடியது.

அதன் பலனை அளந்து பார்க்க நமக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமில்லாமல் எல்லாப் பண ஆட்டங்களையும் தடை செய்தது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வந்தது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். பெரிய நிறுவனங்கள் சில நாள்களிலேயே பண மேசைகளை மூடின. நெட்டுக்குப்பத்தை நினைத்துப் பார்க்கும்போது இந்தத் தடை சரி என்றுதான் எனக்குப் படுகிறது. நிலையான சம்பளமும் சேமிப்பும் உள்ள ஊருக்கு எழுதிய வரம்புகள், அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்துக்குப் போதாது.

ஆனாலும் தடை எல்லாரையும் நிறுத்திவிடுவதில்லை. ப்ளே ஸ்டோரில் இல்லாத செயலியை டெலிகிராமில் வரும் இணைப்பு வழியாக இறக்கி, யாரோ ஒருவரின் யுபிஐ கணக்குக்குப் பணம் அனுப்பி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே ரம்மி மட்டுமில்லை, ஸ்லாட், ரூலெட், விமானம் பறந்து வெடிக்கும் ஆட்டம் என்று முழுக் கேசினோவே இருக்கிறது. வயதுச் சரிபார்ப்பு, நள்ளிரவுப் பூட்டு, 24 மணி நேரத் தாமதம் எதுவும் கிடையாது. ஜெயித்த பணம் வராவிட்டால் கேட்க ஆள் இல்லை. ஒன்டாரியோவில் ஆட்டம் கைமீறிப் போனவர் கனெக்ஸ் ஒன்டாரியோ உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். தளத்திலிருந்து தன்னை விலக்கிவைக்கச் சொல்லி எழுதலாம், நிறுவனம் கேட்டே ஆக வேண்டும். நம் பையனுக்கு டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். பணமோசடி என்றால் 1930. இந்த இரண்டு எண்களும் மீன் ஏலக் கூடத்திலும் ரேஷன் கடைச் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.

எழுதினாலும் அவன் கூப்பிடத் தயங்குவான், அதற்கு நியாயமான காரணமும் உண்டு. மத்தியச் சட்டம் ஆடுகிறவனைத் தண்டிப்பதில்லை, அவனைப் பாதிக்கப்பட்டவனாகவே பார்க்கிறது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டமோ இணையவழிச் சூதாட்டம் ஆடுகிறவனுக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. நகையை அடகு வைத்த பணத்தையும் விட்டுவிட்டு நிற்கிறவன் எண்ணூர் காவல் நிலையப் படியேறிப் புகார் கொடுத்தால் தன்னையே பிடித்துவிடுவார்களோ என்று பயப்படுவான். சட்டமன்றம் அடுத்த கூட்டத்தொடரிலேயே அந்தப் பிரிவை நீக்க வேண்டும்.