ஸஅதியின் விருந்தாளியும் ரூமியின் இடையனும்



பாரசீக ஸூபிக் கவிஞர்கள் என்றதும், எல்லா மதமும் ஒன்றே என்று சொன்னவர்களாக அவர்களைச் சிலர் புகழ்கிறோம்; அதே காரணத்துக்காகச் சிலர் ஒதுக்குகிறோம். அவர்கள் சொன்ன இரண்டு கதைகளைப் பார்ப்போம்.

ஷீராஸ் நகரத்து ஸஅதி 1257இல் 'பூஸ்தான்' நூலை எழுதி முடித்தார். அதில் வரும் நபி இப்றாஹீம் (அலை) அவர்கள், விருந்தாளி இல்லாமல் உண்ணாதவர்கள். ஒருநாள் பாலைவனத்தில் தனியாகக் கண்ட முதியவர் ஒருவரை அழைத்து வருகிறார்கள். எல்லோரும் பிஸ்மில்லாஹ் சொல்ல, அவர் மட்டும் சொல்லவில்லை. நெருப்பை வணங்குபவர் என்று தெரிந்ததும் நபியவர்கள் அவரை வெளியேற்றுகிறார்கள். உடனே அல்லாஹ்வின் கண்டிப்பு வருகிறது: அந்த மனிதருக்கு நூறு வருடம் உணவளித்தவன் அவன், நபியவர்களுக்கோ ஒருவேளை பொறுக்க முடியவில்லை.

மௌலானா ரூமியின் 'மஸ்னவி' இரண்டாம் பாகத்தில் ஓர் இடையன், இறைவனுக்குத் தலைவாரி விடுவேன், செருப்புத் தைத்துத் தருவேன் என்று உருகுகிறான். நபி மூஸா (அலை) அவர்கள் அவனைக் கடிந்து விரட்டுகிறார்கள். அங்கேயும் கண்டிப்பு நபிக்கே வருகிறது: அடியானைச் சேர்த்து வைக்க அனுப்பப்பட்டவர் பிரித்துவிட்டார்.

இவை குர்ஆனோ ஹதீஸோ அல்ல, கவிஞர்கள் சொன்ன கதைகள். நபிமார்களைக் குறைத்துப் பேசுவதும் அவர்கள் நோக்கமல்ல. நபிமார்களுக்கே இந்த நினைவூட்டல் என்றால் நமக்கு எவ்வளவு தேவை என்பதுதான் பாடம். நெருப்பு வணக்கம் சரி என்று ஸஅதி சொல்லவில்லை. இடையனின் வார்த்தைகள் இறைவனுக்குப் பொருத்தம் என்று ரூமியும் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் திருத்தப்படுவது, மனிதனை விரட்டிய செயல்.

அது அமைதியான காலமும் அல்ல. பூஸ்தான் முடிந்த மறுவருடமே, 1258இல், மங்கோலியர் பக்தாதை அழித்தார்கள். அந்த அழிவுக்கு ஸஅதி இரங்கற்பா பாடினார். ரூமி வாழ்ந்த கொன்யாவிலும் மங்கோலியர் ஆதிக்கம் இருந்தது. பயமும் சந்தேகமும் நிறைந்த நாட்களில்தான் அவர்கள் இப்படி எழுதினார்கள்.

1273 டிசம்பரில் ரூமி வபாத்தானார். அவரது ஜனாஸாவில் கிறிஸ்தவர்களும் யூதர்களும் அழுதபடி நடந்ததாக அவரது வரலாற்றை எழுதிய அஃப்லாகி குறிப்பிடுகிறார். தொழுகையை விடாத ஒரு மார்க்க அறிஞருக்காக அவர்கள் அழுதார்கள். ஈமானில் உறுதியும் அயலவரிடம் விரிந்த மனமும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அடுத்த முறை நம் வாசலுக்கு வேறு மார்க்கத்தவர் ஒருவர் வரும்போது, ஸஅதியின் அந்த முதியவரை நாம் நினைத்துக்கொள்வோம்.