நல்ல ஏரின்னா எது? பனிக்கு அடியில் ஒரு வரலாறு



இன்னைக்கு எபிசோட் ஒரு நேயர் அனுப்பின கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. அமெரிக்காவுல மினியாபொலிஸ் நகரத்துல வேலை பாக்கறார். அவர் கேட்டது இதுதான்: "குளிர்காலம் வந்தா ஆபீஸ்ல பாதிப் பேர் உறைஞ்ச ஏரி மேல உட்கார்ந்து மீன் பிடிக்கப் போயிடறாங்க. வால்ஐ மீன் கிடைக்கிற நல்ல ஏரி பக்கத்துல எங்க இருக்குன்னு கேட்டா மட்டும் எல்லாரும் சிரிச்சுட்டு நழுவிடறாங்க. ஏன் இவ்ளோ ரகசியம்?"

நல்ல கேள்வி. மீன் கிடைக்கிற இடத்தை வெளியில சொல்லாம இருக்கறது உலகத்துல எந்தக் கரையிலயும் உள்ள பழக்கம்தான். ஆனா "நல்ல ஏரி எது"ங்கற கேள்விக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கு. ஒப்பந்தம், வழக்கு, பேராசை, அப்புறம் ஒரு பெரிய மனமாற்றம். அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

முதல்ல மீன்

வால்ஐ. பேரைக் கேட்டதும் நம்ம வாளை மீன்னு நினைச்சுடாதீங்க. அது வேற மீன், இது வேற ஒரு நன்னீர் மீன். இதோட சிறப்பே கண்ணுதான். கண்ணுக்குள்ள ஒளியைத் திருப்பி அனுப்பற ஒரு படலம் இருக்கு. ராத்திரி டார்ச் அடிச்சா பூனைக்கண்ணு மின்னுமே, அதே மாதிரி. அதனால மங்கலான வெளிச்சத்துல மத்த மீன்களைவிட இதுக்கு நல்லாத் தெரியும். விடியற நேரமும் அந்தி சாயற நேரமும்தான் இது வேட்டைக்குக் கிளம்பும். பனிக்கட்டியில துளை போட்டு உட்கார்ந்திருக்கறவங்க சாயங்காலம் நாலு மணிக்கு மேல திடீர்னு சுறுசுறுப்பாகறதுக்குக் காரணம் இதுதான்.

முள் குறைவு, சதை வெள்ளை, ருசி அதிகம். மினசோட்டா மாநிலம் 1965-ல இதைத் தன்னோட மாநில மீனாவே அறிவிச்சது. அந்த மாநிலம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த மண்ணுல வாழ்ந்த ஒஜிப்வே மக்கள் இதை "ஒகா"ன்னு கூப்பிட்டாங்க. பனியில துளை போட்டு மீன் பிடிக்கறதும் அவங்களுக்குப் புதுசில்ல. துளைக்கு மேல போர்வையோ தோலோ போட்டு வெளிச்சத்தை மறைச்சுட்டுக் குப்புறப் படுப்பாங்க. மரத்துல செதுக்கின பொம்மை மீனைத் தண்ணிக்குள்ள ஆட்டுவாங்க. அதைத் தேடி வர்ற பெரிய மீனை ஈட்டியால குத்துவாங்க. இன்னைக்கு ஹீட்டரும் சோனாரும் வச்சு உட்கார்ந்திருக்கற கூடாரத்தோட முப்பாட்டன் அந்தப் போர்வைதான்.

ஏரிக்கு நடுவே ஒரு கோடு

மினசோட்டாவுல 10 ஏக்கருக்கு மேல இருக்கற ஏரிகள் மட்டும் 11,842. அதுல வடக்கே இருக்கற ஒண்ணுதான் நம்ம கதையோட நாயகன்: ரெட் லேக். மேல் ரெட் லேக், கீழ் ரெட் லேக்னு ரெண்டு பகுதியா, ஒரு குறுகலான வழியால இணைஞ்சு கிடக்கு. ரெண்டும் சேர்த்தா சுமார் 2,88,000 ஏக்கர்.

1889-க்கு வருவோம். ஒஜிப்வே மக்களோட பொது நிலத்தைத் தனித்தனிக் குடும்பங்களுக்குத் துண்டு போட்டுக் கொடுத்துட்டு, மிச்சத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிடணும்னு அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நெல்சன் சட்டம். பல குழுக்கள் இதுல நிலத்தை இழந்தாங்க. ரெட் லேக் ஒஜிப்வேக்களும் லட்சக்கணக்கான ஏக்கரை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. ஆனா ஒரு விஷயத்துல மட்டும் அவங்க அசையல. மிச்சமிருக்கற நிலத்தைத் துண்டு போட மாட்டோம்னாங்க. எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்னாங்க. இன்னைக்கு வரைக்கும் அந்த நிலம் அப்படியேதான் இருக்கு.

ஏரி? அங்கதான் சிக்கல். கீழ் ரெட் லேக் முழுசும், மேல் ரெட் லேக்குல சுமார் 60 சதவீதமும் அவங்க எல்லைக்குள்ள வந்துச்சு. மேல் ரெட் லேக்கோட கிழக்குப் பகுதி, சுமார் 48,000 ஏக்கர், கோட்டுக்கு வெளிய போயிடுச்சு. எங்க தலைவர்கள் ஏரி முழுசையும் நமக்குன்னு வச்சுக்கறதாத்தான் நினைச்சு ஒத்துக்கிட்டாங்க, கோடு வேற இடத்துல விழுந்துடுச்சுங்கறது ரெட் லேக் மக்களோட நீண்டகால வாதம்.

யோசிச்சுப் பாருங்க. கோடு வரைபடத்துல இருக்கு. மீனுக்கு அது தெரியாதே! ஒரே மீன் காலையில பழங்குடிகளோட தண்ணியில, சாயங்காலம் மாநிலத்தோட தண்ணியில. இந்தப் பக்கத்துக்காரங்க வலையில விழலைன்னா அந்தப் பக்கத்துக்காரங்க தூண்டில்ல மாட்டும். இப்படி ஒரு ஏரியில என்ன நடக்கும்னு ஊகிக்கறது கஷ்டமில்ல.

போர் கொண்டுவந்த வலை

1917. முதல் உலகப் போர் நேரம். நாட்டுக்கு உணவு வேணும்னு மாநில அரசே ரெட் லேக்குல வணிகரீதியா மீன் பிடிக்க ஆரம்பிச்சது. போர் முடிஞ்சும் வியாபாரம் நிக்கல. 1929-ல பழங்குடி மீனவர்களோட கூட்டுறவுச் சங்கம் உருவாச்சு. அதுக்கப்புறம் பல தலைமுறைக்கு அதுதான் அந்த ஊரோட வருமானம். செவுள் வலை போட்டுப் பிடிச்ச வால்ஐ பெரிய நகரங்களோட உணவகங்களுக்குப் போச்சு.

வருஷத்துக்கு இவ்ளோதான் பிடிக்கலாம்னு கோட்டா இருந்தது. ஆனா கோட்டா காகிதத்துல இருந்தது. அதைத் தாண்டிப் பிடிச்ச வருஷங்கள் உண்டு. கணக்குல வராம வெளிய வித்த மீனும் உண்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் மாநிலத்துத் தூண்டில்காரங்களும் சும்மா இல்ல. பழி ஒரு பக்கம் மட்டும் இல்லைங்கறதை மனசுல வச்சுக்கோங்க.

ஒரு ஏரி எப்படிச் சாகுது? ஒரே நாள்ல இல்ல. பெண் வால்ஐ முட்டையிடற பருவத்துக்கு வரவே சில வருஷங்கள் ஆகும். அதுக்குள்ள பிடிச்சுட்டா அடுத்த தலைமுறை கிடையாது. எப்பவாவது ஒரு வருஷம் குஞ்சு நிறையப் பொழைக்கும். அதை நம்பியே அடுத்த சில வருஷம் ஓடும். வலை நிறையுது, எல்லாம் சரியா இருக்குன்னு தோணும். உள்ளே பார்த்தா ஒரே வயசு மீன்கள்தான். தாத்தா பாட்டியும் இல்ல, பேரன் பேத்தியும் இல்ல. அந்த ஒரு தலைமுறை தீர்ந்ததும் வலை காலி. 1990களின் நடுவுல ரெட் லேக்குல நடந்தது இதுதான்.

நிறுத்தினவங்க யாரு?

கதை திரும்பற இடம் இது. 1997-ல கூட்டுறவுச் சங்கத்தோட மீனவர்களே ஓட்டுப் போட்டு வலையை நிறுத்தினாங்க. எந்த நீதிமன்றமும் சொல்லல. அவங்க வீட்டு அடுப்பு அந்த வலையை நம்பித்தான் எரிஞ்சது. மறுவருஷம், வீட்டுச் சாப்பாட்டுக்காக வால்ஐ பிடிக்கறதையும் பழங்குடி நிர்வாகம் தடை பண்ணிச்சு. 1999-ல மாநிலமும் தன் பக்கத்துல வால்ஐ பிடிக்கறதை மூடிடுச்சு. அந்த ஏப்ரல்ல மூணு தரப்பு ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க: ரெட் லேக் மக்கள், மினசோட்டா மாநில இயற்கை வளத் துறை, கூட்டாட்சி அரசின் இந்திய விவகாரப் பிரிவு. மீன் திரும்ப வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அவ்ளோதான்.

இது ஏன் பெரிய விஷயம்னு புரியணும்னா, அதே நேரத்துல பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு பாக்கணும். 1980களில் பக்கத்து மாநிலமான விஸ்கான்சின்ல, ஒப்பந்த உரிமைப்படி வசந்த காலத்துல ஈட்டியால வால்ஐ பிடிக்கப் போன ஒஜிப்வே மக்கள் மேல படகுத்துறையில கல் எறிஞ்சாங்க, இனவெறிக் கோஷம் போட்டாங்க. மினசோட்டாவுலயே மில் லாக்ஸ்ங்கற இன்னொரு பெரிய ஏரி. 1837 ஒப்பந்தத்துல நிலத்தைக் கொடுத்தாலும் வேட்டை, மீன்பிடி உரிமையைக் கொடுக்கலைன்னு அங்க இருக்கற ஒஜிப்வேக்கள் 1990-ல வழக்குப் போட்டாங்க. 1999 மார்ச்சுல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4ங்கற கணக்குல அவங்க பக்கம் தீர்ப்பு சொன்னது. 162 வருஷம் பழைய வாக்குறுதி உயிரோடதான் இருக்குன்னு ஆச்சு.

அந்தத் தீர்ப்பு வந்து சில வாரத்துல ரெட் லேக் ஒப்பந்தம். அதே மாநிலம், அதே மீன். ஒரு ஏரியில உரிமை யாருதுன்னு ஒன்பது வருஷம் வாதாட வேண்டியிருந்தது. இன்னொண்ணுல, உரிமை பத்தின பழைய சண்டையைத் தீர்க்காமலேயே, முதல்ல மீனைக் காப்பாத்துவோம்னு உட்கார்ந்தாங்க.

ஏழு வருஷக் காத்திருப்பு

1999, 2001, 2003 ஆகிய மூணு வருஷமும் ஏரியில வால்ஐ குஞ்சு விட்டாங்க. மொத்தம் 10 கோடிக்கும் மேல. இதுல ஒரு அழகான வேலை பண்ணாங்க. விடறதுக்கு முன்னாடி குஞ்சுகளை ஒரு ஆன்டிபயாடிக் கலந்த தண்ணியில நனைச்சாங்க. அந்த மருந்து மீனோட காதுக்குள்ள இருக்கற குட்டிக் கல்லுல தங்கிடும். பின்னாடி அந்த மீனைப் பிடிச்சுக் கல்லைப் புற ஊதா வெளிச்சத்துல பார்த்தா ஒரு வளையம் ஒளிரும். ஒளிர்ந்தா நாம விட்ட மீன். ஒளிரலைன்னா ஏரியிலேயே பிறந்த மீன். ஏரி தானாகப் பொழைக்குதா, இல்ல நாம ஊட்டறதாலதான் நிக்குதான்னு இதை வச்சுச் சொல்லிடலாம்.

அந்த வருஷங்கள்ல மேல் ரெட் லேக்குல இன்னொரு வேடிக்கை. வால்ஐ இல்லாத இடத்துல கிராப்பிங்கற வேற ஒரு மீன் கன்னாபின்னான்னு பெருகிடுச்சு. கிழக்குக் கரையில வாஸ்கிஷ் பக்கம் குளிர்காலத்துல கூட்டம் அலைமோதிச்சு. "செத்துப்போன ஏரி" திடீர்னு எல்லாரும் தேடி வர்ற ஏரி ஆச்சு! ஒரு ஏரி நல்லதா கெட்டதாங்கறது நாம எந்த மீனைத் தேடறோம்ங்கறதைப் பொறுத்ததும்கூட.

2006 மே மாசம் வால்ஐக்கு ஏரி திரும்பத் திறந்துச்சு. மாநிலப் பக்கத்துல ஆளுக்கு 2 மீன்தான். பழங்குடிகளோட பக்கம் வியாபாரம் திரும்பத் தொடங்கினப்போ, வலைக்குப் பதிலா தூண்டில்ல பிடிச்ச மீனைத்தான் வாங்கினாங்க. முட்டையிடற வயசுல எவ்ளோ பெண் மீன் இருக்குன்னு பார்த்துத்தான் எவ்ளோ பிடிக்கலாம்னு இப்ப முடிவு பண்றாங்க. ரெண்டு பக்கத்து நிபுணர்களும் ஒரே மேசையில உட்கார்ந்து கணக்குப் பாக்கறாங்க.

எல்லா ஏரியும் இப்படிச் சுபமா முடியறதில்ல. மில் லாக்ஸ்ல வால்ஐ குறைஞ்சுபோய் 2015 ஆகஸ்ட்ல பருவத்தைப் பாதியிலேயே மூட வேண்டியிருந்தது. அங்க குஞ்சு பொரியுது, ஆனா வளர்ந்து பெரிசாகறதுக்குள்ள பெரும்பகுதி காணாமப் போயிடுது. தண்ணி தெளிவாகறது, வெளியிலிருந்து வந்த சிப்பிகள், ஏரி சூடாகறதுன்னு பல காரணம் பேசறாங்க. அதை நிறுத்த ஒரு ஓட்டெடுப்பு போதாது.

அப்போ நம்ம நேயருக்கு பதில்?

ரகசியம்லாம் பெரிசா இல்ல. மினசோட்டா இயற்கை வளத் துறை ஒவ்வொரு ஏரிக்கும் கணக்கெடுப்பு விவரம், குஞ்சு விட்ட வருஷம், ஆழ வரைபடம் எல்லாத்தையும் "லேக் ஃபைண்டர்"னு இணையத்துல இலவசமாவே வச்சிருக்கு. நீங்க ரெட் லேக் கதையைக் கேட்டுட்டீங்க, அதனால அதை எப்படிப் படிக்கணும்னு இப்ப உங்களுக்குத் தெரியும். எத்தனை மீன் மாட்டிச்சுங்கற எண்ணிக்கையோட நின்னுடாதீங்க. நீளத்தைப் பாருங்க. சின்னது, நடுத்தரம், பெரிசுன்னு எல்லா அளவும் இருந்தா அந்த வீட்டுல மூணு தலைமுறை இருக்குன்னு அர்த்தம். ஒரே அளவுல குவிஞ்சிருந்தா, இந்த வருஷம் அள்ளலாம், ஆனா மூணு வருஷம் கழிச்சு அங்க யாரும் இருக்க மாட்டாங்க.

அப்புறம் ஆழ வரைபடத்துல, தண்ணி மேட்டிலிருந்து சட்டுன்னு பள்ளமாகற விளிம்பைப் பிடிங்க. வெளிச்சம் மங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் உட்காருங்க. நடந்து போறதுக்குக் குறைஞ்சது 4 அங்குலம் தெளிவான, புதுப் பனிக்கட்டி வேணும். போற வழியெல்லாம் குத்திப் பார்த்துக்கிட்டே போங்க. மேல் ரெட் லேக் ஆழம் குறைவு, அதனால சீக்கிரம் உறையும். முதல் ஆளாப் போகணும்னு கூட்டமும் சீக்கிரம் வரும். 2022 நவம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் பெரிய பனித்தட்டு கரையிலிருந்து பிரிஞ்சு, ரெண்டு தடவையும் நூறு பேருக்கு மேல மீட்க வேண்டியிருந்தது.

கடைசியா ஒண்ணு. மேல் ரெட் லேக் போனீங்கன்னா மேற்கே ரொம்ப தூரம் போயிடாதீங்க. அங்க ஒரு எல்லை இருக்கு, அதைத் தாண்டிப் போய் வெளியாட்கள் அனுமதியில்லாம மீன் பிடிக்க முடியாது. பனி மேல கோடு எதுவும் தெரியாது, ஜிபிஎஸ்தான் காட்டும். ஆனா நீங்க போட்ட துளைக்குக் கீழ வர்ற மீன், 1997-ல வலையைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போன அந்தப் பக்கத்து மீனவங்க விட்டுவச்ச மீன்.

நேயரே, ரெண்டு மீன் கிடைச்சா போட்டோ அனுப்புங்க. ஏரி பேரைச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல!